சொல்லிக் கொடுத்த பொய்

பாக்கியமேரிக்குப் புற்றுநோய் என்பது பாலக்கரையில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். மாதா கோயிலில் மணியடிக்கிற சவரிராயனுக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அவள் புருஷன் தைரியராஜ் ஏற்பாடு செய்திருந்தார். அந்த மனுஷனுக்குத் தைரியம் பெயரோடு சரி. பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிறவர். ஆனால் பெண்டாட்டியிடம் ஒரு பொய்யைச் சொல்லி, அதை மாசக்கணக்கில் கட்டிக் காப்பதற்கு மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது.

பாவம், அந்த ஏற்பாடு முதல் நாளே வீணாகிவிட்டது. அவளுக்குத் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கு, "கர்ப்பப்பையில சின்னப் புண்ணுதான், கரண்டு வெச்சா ஆறிடுமாம்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் கிளார்க்கான அவர், கல்யாணமான நாளிலிருந்து குழம்பிலோ ரசத்திலோ ஒரு குறை சொல்லாமல் இலையை விட்டு எழுந்தது கிடையாது. அன்றைக்கு அவள் கைதவறி ரசத்துக்கு உப்பே போடாமல் இறக்கிவிட்டாள். அதை ஊற்றிச் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்தபோதுதான் உப்பில்லை என்று தெரிந்தது. தன் நோய் என்னவென்றும் அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நாத்தனார் ரோசம்மாள், ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கொடுத்தாலும் தலை தட்டித் தருகிற ரோசம்மாள், விரால் மீன் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சந்தேகம் என்று ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அந்த நடுத்துண்டு அதையும் தீர்த்துவிட்டது.

கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதது அவள் காதில் விழுந்தது. குழாய் சொட்டினால்கூட எழுந்து போய் இறுக்கிவிட்டு வருகிறவர். தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வெளியே வந்து, கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. இவர் தாங்குவதற்கு இந்தப் பொய் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் பிடுங்கிவிட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் மாட்டிக்கொண்டாள். பயம் வந்தால் காஸ் டிரபிள் என்று சொல்ல வேண்டும். அழுகை வந்தால் வெங்காயம் நறுக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறதே என்பார்கள், அவளும் ஆமாம் இப்போது பரவாயில்லை என்று சிரிக்க வேண்டும். வடக்கே பிலாயில் இருக்கிற மகள் அமலராணியை ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று கூப்பிடக்கூட வழியில்லை. சாதாரணப் புண்ணுக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று மகள் கேட்டால் என்ன பதில் சொல்வது? சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஊரில் யாரிடமும் பேச முடியாமல் ஒருத்தி இருந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று யாரிடமாவது ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று அவள் மனசு ஏங்கிப் போயிற்று.

எண்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் வலி திரும்பி வந்தது. இனிமேல் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க முடியாது என்று மதுரையில் கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் யாரோ ஸ்ரீரங்கத்து டாக்டர் சடகோபனைப் பற்றிச் சொன்னார்கள். மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் புதிதாக ஓர் ஊசி மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், இந்தப் பக்கத்து நோயாளிகளைப் பார்த்து எடுத்து அனுப்புகிறவர் அவர்தான் என்று. தைரியராஜ் முதலில் தனியாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு, முகம் செத்துப் போய்த் திரும்பி வந்தார்.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பாக்கியமேரி சமையல்கட்டுச் சுவர் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரோசம்மாளுக்கு ரகசியம் பேசும்போதுதான் குரல் ஏறும். மருந்து இன்னும் கடைக்கு வராத மருந்தாம். குணமாகும் என்று உறுதி இல்லையாம், கெடுதலும் செய்யலாமாம். அதனால் தனக்கு வந்திருப்பது இன்ன நோய், இதற்கு வேறு வைத்தியம் இல்லை, இந்த மருந்து சோதனை மருந்து என்பதெல்லாம் தெரிந்து, நோயாளியே டாக்டர் முன்னால் வாயால் சொல்லிச் சம்மதிக்க வேண்டும் என்று புதிதாக விதி வந்திருக்கிறதாம். கரண்டு வைக்க நான்தானே கையெழுத்துப் போட்டேன், இதற்கும் நானே போடுகிறேன் என்று தைரியராஜ் மன்றாடியிருக்கிறார். அது செல்லாது, அந்த அம்மா நாக்கில்தான் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இந்த வாரத்துக்குள் ஓர் இடம்தான் மிச்சம் இருக்கிறதாம்.

"இதென்னண்ணே அநியாயச் சட்டம்? சாகப் போறவகிட்டயே சாகப் போறேன்னு சொல்லு, மருந்து தரேங்கிறான்" என்றாள் ரோசம்மாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

பாக்கியமேரி படுத்தபடியே அதைக் கேட்டாள். அவளுக்கு அந்த மருந்து வேண்டும். பேரப்பிள்ளையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அதெல்லாம் அப்புறம். அவளுக்கு உயிரோடு இருக்க ஆசை. காலையில் எழுந்து காபி குடிக்க ஆசை, கிறிஸ்துமஸுக்கு எந்த வீட்டுப் புடவை என்ன நிறம் என்று பார்க்க ஆசை. இதற்குக் காரணம் வேறு வேண்டுமா? நாளைக்கே அவர் உண்மையைச் சொல்லிவிடுவார், நாமும் தெரியும் என்று சொல்லிவிடலாம், இத்தோடு இந்தக் கூத்து முடிந்தது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

தைரியராஜ் வேறு ஒன்று யோசித்து வைத்திருந்தார்.

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகு, தைரியராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"பாக்கியம், உனக்கு வந்திருக்கிறது புண்ணுதான். அதுல சந்தேகமே இல்லை. ஆனா அந்தப் புது ஊசி இருக்கு பாரு, அது கேன்சர்காரங்களுக்குன்னு வந்தது. உன் புண்ணுக்கும் நல்லாக் கேக்குமாம். சட்டம் என்னன்னா, கேன்சர்னு நம்ம வாயால சொன்னாத்தான் குடுப்பாங்க. அதனால டாக்டர் கேட்டா, நீ சும்மா, மருந்துக்காக, எனக்குக் கேன்சர்னு சொல்லிடு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியிருந்தது. சிரிப்பு வந்ததா, வயிற்றெரிச்சல் வந்ததா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்தாரோ என்னவோ. உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்காக உண்மையையே பொய்யாக ஆக்கிக் கொண்டுவந்திருக்கிறார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள்.

"பாவம் எனக்கு. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ மனசுல வெச்சுக்காத."

அத்தோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். கேள்வி இது, பதில் இது, ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்க வேண்டும் என்று கற்றுக் கொடுத்துப் பழகியவருக்கு வேறு விதமாகச் சொல்லித்தர வரவில்லை. மாம்பழச்சாலை தாண்டுவதற்குள் பாடத்தைத் தொடங்கிவிட்டார். உனக்கு வந்திருக்கும் நோய் என்ன? எனக்கு வந்திருப்பது கர்ப்பப்பைப் புற்றுநோய். அதற்கு வேறு வைத்தியம் உண்டா? கரண்டு வைத்தும் குணமாகவில்லை, வேறு வைத்தியம் இல்லை. இந்த மருந்து எப்படிப்பட்டது? சோதனையில் இருக்கிற மருந்து, உறுதி சொல்ல முடியாது என்று தெரிந்தே சம்மதிக்கிறேன். திருவானைக்காவலில் பூக்கூடையோடு ஏறிய ஒரு பெண் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவர் குரலை இன்னும் இறக்கி, இன்னொரு தடவை, என்றார். பாக்கியமேரி இன்னொரு தடவை சொன்னாள். தன் சாவைத் தானே பாடமாக ஒப்பிக்கிற கொடுமை வேறு யாருக்கும் வர வேண்டாம். அவருக்கோ அவள் தடங்கலில்லாமல் சொன்னதில் பரம திருப்தி.

டாக்டர் சடகோபன் தெற்குச் சித்திரை வீதியில் தன் வீட்டு முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்த்தார். நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு ஸ்ரீசூர்ணம், மூக்கு நுனியில் கண்ணாடி. அவளை உட்காரச் சொல்லி, உங்களுக்கு என்ன உடம்பு, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

வாயைத் திறந்ததும் வந்தது பாடம்தான். எனக்கு வந்திருப்பது கர்ப்பப்பைப் புற்றுநோய், கரண்டு வைத்தும் குணமாகவில்லை, வேறு வைத்தியம் இல்லை. வேறு மாதிரி சொல்ல அவளுக்கும் ஆசைதான். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது? டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. தைரியராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம், அவர் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க சொல்லிக் கொடுத்திருக்கேள். அவா ஒப்பிக்கறா" என்றார் தைரியராஜிடம். "எந்த ஊசி, எதுக்குன்னு சொல்லாமலே ஏழை ஜனங்க மேல மருந்தைப் போட்டுப் பார்த்ததெல்லாம் உண்டு சார். அது கூடாதுன்னுதான் இந்தச் சட்டமே. இவாளுக்கு ஒண்ணும் தெரியலை. நான் எழுத முடியாது."

தைரியராஜ் எழுந்து நின்று கும்பிட்டார். தெரியும் சார், எல்லாம் அவளுக்குத் தெரியும் சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். அவர் கெட்டவர் இல்லை. சட்டமும் கெட்டது இல்லை. புருஷனும்தான் என்ன கெடுதலா நினைத்தார்? ஆனாலும் எல்லாருமாகச் சேர்ந்து அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டு வாசற்படியை இறங்கினால் மருந்து போய்விடும். அது அவளுக்குப் புரிந்தது.

நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள், நான் பேசிவிட்டு வருகிறேன் என்று அவள் புருஷனிடம் சொன்னாள். சமாளித்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வையும் பார்த்தாள். அவர் நன்றியோடு வெளியே போனார்.

கதவு சாத்தியதும் டாக்டர், சொல்லுங்கோம்மா என்றார்.

"புண்ணுன்னு சொன்னாங்க. புண்ணுக்கு யாரும் கரண்டு வைக்க மாட்டாங்க டாக்டர். மதுரையில எனக்குப் பக்கத்துப் படுக்கையில உப்பிலியபுரத்துக்காரம்மா ஒண்ணு, மயிலம்மாள்னு பேரு. அவங்களுக்கும் வெறும் புண்ணுதான்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே கரண்டு வெச்சுக்கப் போவோம். ஒரு நாள் காலையில அவங்க மகன் வந்து, அம்மா துணியெல்லாம் மஞ்சப்பையில சுருட்டிக்கிட்டுப் போனான். என்னைப் பார்த்து, நீங்க நல்லாயிடுவீங்கம்மான்னு சொன்னான். அதுக்கப்புறம் நான் யாரையும் எதுவும் கேக்கலை." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குக் கேன்சர் டாக்டர். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. வெங்காயம் இல்லாமல், காஸ் டிரபிள் இல்லாமல், ஒருவர் எதிரில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அழுது முடித்தபோது, இத்தனை மாசத்தில் இல்லாத ஒரு நிம்மதி அவளுக்கு வந்திருந்தது. முன்பின் தெரியாத ஸ்ரீரங்கத்து டாக்டரிடம் கிடைத்தது வீட்டில் கிடைக்கவில்லையே என்று உடனே வருத்தமாகவும் இருந்தது.

பிறகு அவர் மருந்தைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். இதுவரை போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கட்டி கரைந்திருக்கிறது, சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்கு உடம்பு இன்னும் மோசமாகியிருக்கிறது. வேண்டாம் என்று இப்போதும் சொல்லலாம், நடுவிலும் சொல்லலாம், காரணம் கேட்க மாட்டார்கள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். வேண்டும் என்று அவள் சொன்னாள். கையெழுத்தும் போட்டாள்.

"அவருக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியும்னு?" என்று கேட்டார் டாக்டர்.

"தெரியாதுங்க."

"சொல்லிடுங்கோ. அந்த ஊசி உடம்பைப் போட்டு உருட்டும். பக்கத்துல இருக்கறவர்கிட்ட நடிச்சுண்டே அதைத் தாங்க முடியாது."

நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். டாக்டர் தைரியராஜை உள்ளே கூப்பிட்டு, சாட்சியாக அவருக்கும் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். நோயாளிக்குத் தன் நோய் தெரியும், குணமாகும் என்று உறுதி இல்லை என்பது தெரியும், தெரிந்தே சம்மதிக்கிறார். தைரியராஜ் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். இடையில் ஒரு தடவை பாக்கியமேரியைப் பார்த்தார். பள்ளிக்கூட நாடகத்தில் நன்றாக வேஷம் கட்டிய பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. உண்மையை அவர் முன்னாலேயே வாசித்தாகிவிட்டது, அவர் காதில் அது விழவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். எப்படி நம்ப வைத்தாய், என்ன சொன்னாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன் என்றாள். கெட்டிக்காரி என்றார். அவள் துணிந்து, நான் நடிக்கவில்லைங்க என்று சொல்லிப் பார்த்தாள்.

"அதான் நடிப்பு" என்றார் அவர். "நடிக்கிறது தெரியக் கூடாது."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? மெட்ராஸில் ஊசி ஏறும்போதும், மயிர் கொட்டும்போதும், இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் புண்ணுதான் என்பார், நானும் ஆமாம் என்று சிரிக்க வேண்டும். கடைசி மூச்சுக்கும் ஒரு சாக்குச் சொல்ல வேண்டியிருக்கும் போலிருக்கிறது. மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் அதைத் தனியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபோது, நோயைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை மெட்ராஸ் பயணம். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டி வைத்துவிட்டு, தைரியராஜ் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பாக்கியமேரி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டாள்.

"கோயிலுக்கு. சாமியார் அஞ்சு மணிக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு உக்காருவார். உன்னைப் பொய் சொல்ல வெச்சேனே, அதைச் சொல்லிட்டு வந்துடறேன். அந்தப் பாவத்தோட உன்னைக் கூட்டிட்டுப் போக மனசு வரலை. மருந்து கேக்காமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

அவர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பொத்தான் தப்பான துளையில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"போக வேண்டாங்க. அங்க யாரும் பொய் சொல்லலை."

அவர் கை நின்றது.

"நான் டாக்டர்கிட்ட சொன்னது எல்லாம் எனக்குத் தெரிஞ்சு சொன்னதுதான். நீங்க சொல்லிக் கொடுத்ததால இல்லை. மொத நாளே தெரியும். மதுரையிலேர்ந்து வந்து, உப்பே போடாத ரசத்தை நீங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க பாருங்க, அன்னைக்கே தெரியும்."

தைரியராஜ் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் அவள்தான் இருந்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அப்படியே தரையில், கட்டிலை ஒட்டி, உட்கார்ந்துவிட்டார். கோயில் மணி அடித்தது. பிறகு, ஏதோ தொலைந்து போனதைத் தேடுகிறவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு ரசத்துல உப்பே இல்லையா?"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் மனசு நோகக் கூடாதென்று அவர் சகித்துக்கொண்டு சாப்பிட்டார் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்? அந்த மனுஷனுக்கு அன்றைக்கு நாக்கே இல்லை. என்ன சாப்பிட்டோம் என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

இல்லைங்க என்றாள். கையை நீட்டி அந்தத் தப்பான பொத்தானைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

"எனக்கும்தான் பாக்கியம். ரொம்பப் பயமா இருக்கு."

அவர் குளியலறைக்கு எழுந்து போகவில்லை. கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். அவளும் அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து ரோசம்மாள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, அன்றைக்கு ஒரு நாளாவது வாயைத் திறக்காமல் திரும்பிப் போனாள்.